கடனைக் கடனாகவே எழுதுங்கள்: மனை வாங்கப் பணம் வாங்குவோருக்கும் கொடுப்போருக்கும்

எங்கள் சித்தப்பா ஒருவர் சில வருடங்களுக்கு முன்னால் ஊருக்கு வெளியே ஒரு மனை பேசி முடித்தார். கையில் பாதிப் பணம்தான் இருந்தது. மீதிக்கு, தெரிந்தவர் மூலமாக வந்த ஒருவரிடம் நான்கு லட்சம் வாங்கினார், ரெண்டு பைசா வட்டி. கொடுத்தவர் 'சும்மா ஒரு சேஃப்டிக்கு' என்று சொல்லி, சித்தப்பா குடியிருந்த பழைய வீட்டுக்குத் தன் பெயரில் ஒரு கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவும் செய்துகொண்டார். அந்தப் பத்திரத்தில் கடன் என்ற சொல்லே கிடையாது. வீட்டை ஒன்பது லட்சத்துக்கு விற்பதாகவும், அட்வான்ஸ் நான்கு லட்சம் வாங்கிவிட்டதாகவும், பதினொரு மாதத்தில் மீதியைப் பெற்றுக்கொண்டு கிரயம் செய்து தருவதாகவும்தான் இருந்தது. வட்டி இரண்டு மாதம் தவறியது, வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர் கேட்டது கடனை இல்லை, வீட்டை.

வழக்கு ஆறு வருடம் ஓடியது. வீடு தப்பியதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: சித்தப்பா மாதாமாதம் எட்டாயிரம் ரூபாயை அந்த மனிதரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பியிருந்தார். வீட்டை விற்கப் போகிறவர் வாங்கப் போகிறவருக்கு எதற்காக மாதாமாதம் ஒரே தொகையை அனுப்ப வேண்டும்? அந்தக் கேள்விக்கு எதிர்த் தரப்பில் பதில் இல்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

தமிழ்நாட்டில் முதல் முறையாக மனையோ வீடோ வாங்கக் கடன் தேடுகிறவர்களுக்காகவும், கையில் இருக்கும் பணத்தை அப்படி ஒருவருக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

பைசா வட்டி கேட்கும்போது சின்னதாகத் தெரியும். ஒரு பைசா வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், வருடத்துக்கு 12 சதவீதம். ரெண்டு பைசா என்றால் 24. சில ஊர்களில் இதையே ரெண்டு ரூபாய் வட்டி என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

20 லட்சத்துக்கு ஒரு மனை, அதில் 10 லட்சம் உங்களுடையது, 10 லட்சம் ரெண்டு பைசா வட்டிக்கு வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20,000, வருடம் 2,40,000, மூன்று வருடத்தில் 7,20,000 வட்டியாக மட்டும் போகும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,80,000 பத்திரச் செலவு. மூன்று வருடம் கழித்து அந்த மனை 29 லட்சத்துக்குப் போனால்தான் போட்டது திரும்பும். உங்கள் சொந்த 10 லட்சம் அந்த மூன்று வருடம் சும்மா கிடந்ததற்கு ஒரு ரூபாய்கூடக் கணக்கில் வரவில்லை. தரகர் 'இந்த ஏரியா டபுள் ஆயிடும் சார்' என்று சொல்லும்போது இந்த 29 லட்சத்தை மனதில் வைத்துக்கொண்டு, பக்கத்து மனை போன வருடம் நிஜமாகவே என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள். அதே தரகரிடம் இல்லை, வேறு ஆளிடம்.

வாடகை வீடோ கடையோ என்றால் மாதம் கொஞ்சம் வரும். வெறும் மனை ஒரு ரூபாயும் தராது, ஆனால் வட்டி ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து ஓடும். அதனால் என் கருத்து இது: மாத வட்டிக்குத் தனியாரிடம் பணம் வாங்கி வெறும் மனையில் போடாதீர்கள். ஆறு மாதத்துக்குள் வேறொரு பணம் உறுதியாக வரப்போகிறது, நடுவில் ஒரு பாலம் மாதிரி வேண்டும் என்றால் மட்டும் யோசிக்கலாம். அதற்கும் வீட்டில் இருக்கும் நகையை வங்கியில் வைப்பது பெரும்பாலும் மலிவாக முடியும்.

செலவைக் குறைக்க ஒரு சின்ன வழி: 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது, 2025 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

வங்கிக்குத்தான் முதலில் போக வேண்டும்

வங்கி அலைக்கழிக்கும், காகிதம் கேட்கும், அதெல்லாம் சரி. ஆனால் வங்கியின் வக்கீல் பத்திரத்தைப் பார்ப்பதே உங்களுக்குக் கிடைக்கும் ஒரு இலவசப் பாதுகாப்பு மாதிரி. ஒரு மனைக்கு இரண்டு வங்கிகள் கடன் தர மறுத்தால் அதை உங்கள் சம்பளப் பிரச்சினை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், ஏன் மறுத்தார்கள் என்று கேளுங்கள். மூலப் பத்திரத்தில் ஒரு வாரிசு கையெழுத்து விட்டுப்போயிருக்கலாம், மனைக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும், அவற்றைச் சட்டப்படி ஒழுங்காக்கிக்கொள்ள 2017-ல் வரன்முறை விதிகள் வந்ததும் நிறையப் பேருக்கு நினைவிருக்கும். 20.10.2016-க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான் அந்த வழி. அதற்கு அப்புறம் புதிதாகப் பிரித்த அங்கீகாரமற்ற மனையை 'பின்னாடி அப்ரூவல் வாங்கிக்கலாம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டுக் கடனில் வங்கி முழு விலையையும் தராது. ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்ச வரம்பு: 30 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30-லிருந்து 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் பொதுவாக இந்த மதிப்பில் சேராது, அதை நீங்கள்தான் போட வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சொந்தப் பங்குக்குப் பர்சனல் லோன், பத்திரச் செலவுக்குக் கிரெடிட் கார்டு என்று அடுக்கிவிட்டு, நான்காவது மாதத்தில் மூன்று தவணை ஒரே வாரத்தில் வந்து நிற்கும்போது முழிக்கிறார்கள். சொந்தப் பங்கும் பத்திரச் செலவும் கடன் இல்லாத பணமாகக் கையில் சேரும்வரை அட்வான்ஸே கொடுக்காதீர்கள்.

தவணை எப்படிக் கரைகிறது என்றும் பார்த்துவிடுங்கள். 25 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 21,700. முதல் மாதத்தில் அதில் 17,700 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 4,000-கூட இல்லை. இருபது வருடமும் கட்டி முடித்தால் மொத்தம் 52 லட்சம். அதனால் கையில் எப்போது கொஞ்சம் பணம் வந்தாலும் முதல் ஐந்தாறு வருடத்துக்குள் அசலில் கட்டப் பாருங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

தவணை 90 நாள் நின்றால் வாராக் கடன் கணக்கில் போய்விடும். அப்புறம் 2002-ஆம் ஆண்டு வந்த சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலேயே வங்கி சொத்தை எடுக்க முடியும். அந்த அளவுக்கு விடாதீர்கள். வேலை போனாலோ உடம்பு சரியில்லை என்றாலோ முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய் எழுத்தில் கொடுத்துத் தவணைக் காலத்தை நீட்டக் கேட்பதுதான் சரி.

தனியாரிடம் வாங்குகிறீர்கள் என்றால் எந்தப் பத்திரம்

சித்தப்பாவுக்கு நடந்தது அபூர்வமான கதை இல்லை. கடனுக்கு ஈடாகக் கிரயமே எழுதிக் கொடுத்தவர்கள், பொது அதிகாரப் பத்திரம், அதாவது 'பவர்' கொடுத்தவர்கள், பச்சைத் தாளில் வெறும் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். 'பணத்தைக் கொடுத்ததும் திருப்பி எழுதித் தந்துடறேன்' என்ற வாய்ச்சொல்லை நம்பித்தான் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

சொத்து மாற்றுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கிரயம் மாதிரி எழுதப்பட்ட ஒன்று உண்மையில் அடமானம்தான் என்று சொல்ல வேண்டுமானால், பணத்தைத் திருப்பினால் சொத்தும் திரும்பும் என்ற நிபந்தனை அதே பத்திரத்துக்குள் இருக்க வேண்டும். தனியாக இருபது ரூபாய்த் தாளில் எழுதி வாங்கி பீரோவில் வைத்திருக்கும் 'மறு ஒப்பந்தம்' அந்த வேலையைச் செய்யாது. பவர் கொடுத்தால் இன்னும் மோசம், அவர் உங்கள் சார்பில் மூன்றாவது ஆளுக்கு விற்றுவிடலாம், நீங்கள் யாரென்றே தெரியாத ஒருவரோடு வழக்காட வேண்டி வரும்.

நாணயமாகப் பணம் கொடுக்கும் ஒருவருக்குக் கிரயமோ பவரோ தேவையே இல்லை, அடமானப் பத்திரம் போதும். கடன் தொகை, வட்டி, திருப்பும் காலம் எல்லாம் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் அவருக்கு முழுப் பாதுகாப்பு. உங்கள் சொத்தும் உங்கள் பெயரிலேயே இருக்கும். சென்னை மாதிரி அரசு அறிவித்த ஊர்களில் அசல் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் முறையும் உண்டு. சொத்து எங்கே இருந்தாலும் சரி, ஒப்படைப்பது அந்த ஊரில் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012-ல் வந்த திருத்தத்துக்கு அப்புறம் இந்த ஒப்படைப்பு ஒப்பந்தத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும். 'பத்திரத்தைக் கொடுத்துட்டுப் போங்க, எழுத்தெல்லாம் எதுக்கு' என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். பத்திரம் தொலைந்தால் யாரிடம் கொடுத்தீர்கள் என்பதற்கே சாட்சி இருக்காது.

பதிவு நாளன்று ஒரு காரியம் செய்யுங்கள். ஆவண எழுத்தர் நீட்டும் கடைசிப் பிரதியின் தலைப்பை நீங்களே படியுங்கள். 'அடமானப் பத்திரம்' என்று இருக்கிறதா, 'கிரய ஒப்பந்தம்' என்று இருக்கிறதா, 'பொது அதிகார ஆவணம்' என்று இருக்கிறதா? டோக்கன் கூப்பிடுகிறார்கள், வெளியே வண்டி நிற்கிறது, சாட்சிக்கு வந்தவர் அவசரப்படுத்துகிறார், போட்டோ எடுத்துக் கைரேகை வைத்துவிட்டால் பத்து நிமிடத்தில் முடிந்தது. சித்தப்பா அன்றைக்குப் படிக்கவில்லை, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

நிரப்பாத காசோலையும் கொடுக்காதீர்கள். கையெழுத்து உங்களுடையது என்றால், நிரப்பாமல் கொடுத்ததாக இருந்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், 2019-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பெயர், தொகை, தேதி எல்லாம் நீங்களே எழுதி, படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.

நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. மூன்று வருடம் வரை சிறையும் 30,000 வரை அபராதமும் உண்டு. வீட்டு வாசலில் வந்து மிரட்டுகிறவரிடம் மானத்துக்குப் பயந்து இன்னொரு கடன் வாங்கிக் கட்டுவதைவிட, போலீஸில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குவது நல்லது.

கொடுப்பவர் பக்கம்

ஓய்வுப் பணமோ நிலம் விற்ற பணமோ கையில் இருந்தால் கேட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் சொத்தைப் பார்த்துக் கொடுங்கள், முகத்தைப் பார்த்து மட்டும் கொடுக்காதீர்கள்.

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று, நாம் ஈசி என்று சொல்வது, நீங்களே போட்டுப் பார்க்கலாம். குறைந்தது முப்பது வருடத்துக்குப் பாருங்கள். ஆனால் பதிவானது மட்டும்தான் அதில் வரும். வாய்மொழியாக ஒத்திக்கு விட்டிருப்பதோ, பங்காளி வழக்கு நடப்பதோ தெரியாது. அதனால் அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள், ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு வங்கியிலோ இன்னொரு கடன்காரரிடமோ இருக்கும். பட்டா அவர் பெயரில் இருக்கிறதா, கூட்டுப் பட்டாவா என்பதையும் இணையத்திலேயே பார்க்கலாம். அப்புறம் ஒரு நாள் சொல்லாமல் நேரில் போங்கள். வேலி யாருடையது, யார் குடியிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், அரை மணி நேர வேலை. என்னைக் கேட்டால் சொத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள், ஏனென்றால் பதிவு செய்த அடமானம் இருந்தாலும் பணம் வராவிட்டால் கோர்ட் மூலமாகத்தான் சொத்தை விற்று எடுக்க முடியும், அதற்கு வருடக்கணக்கில் ஆகும்.

பணம் கணக்கிலிருந்து கணக்குக்குத்தான் போக வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது, மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். திருப்பிக் கொடுப்பதற்கும், சொத்துக்கு அட்வான்ஸ் வாங்குவதற்கும் இதே விதிதான். வட்டியாக வருவதை உங்கள் வருமானத்தில் காட்டிவிடுங்கள். நாளைக்கு வழக்கு என்று போனால் 'இவ்வளவு பணம் இவருக்கு ஏது' என்பதுதான் எதிர் வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும்.

சின்னத் தொகைக்குப் புரோநோட், அதாவது பணத்தைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்ட கடன் சீட்டு, எழுதுவார்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேலேயே கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டைக் கோர்ட் சாட்சியமாக எடுக்காது, பின்னால் அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது. கேட்டதும் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். அதற்குள் கொஞ்சம் பணம் திருப்பினார் என்றால், நோட்டின் பின்பக்கம் தேதியும் தொகையும் அவர் கையாலேயே வரவு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். எங்கள் அப்பா வைத்திருந்த ஒரு புரோநோட்டில் நான்கு வரவு இருந்தது, நான்கும் நீல மையில் அப்பா கையெழுத்திலேயே இருந்தது, கடன் வாங்கியவர் ஒன்றில்கூடக் கையெழுத்துப் போடவில்லை. நாலாவது வருடம் வக்கீலிடம் போனபோது அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தார், எதுவும் சொல்லவில்லை. அடமானப் பத்திரமாக இருந்திருந்தால் பன்னிரண்டு வருடம் இருந்திருக்கும்.

காசோலை திரும்பினால் தேதிகளைக் கவனியுங்கள். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம், அதற்கு அப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார். புகார் ஒரு நாள் தாமதித்தாலும் அந்தத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மனுப் போட வேண்டி வரும்.

பலருக்குத் தொடர்ந்து வட்டிக்குக் கொடுப்பதையே தொழிலாகச் செய்தால் 1957-ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டப்படி உரிமம் வேண்டும்.

இன்னொரு வகை, 'எங்க லேஅவுட்ல பணம் போடுங்க, மாசம் மூணு பைசா தர்றோம்' என்று வருகிற புரமோட்டர்கள். இது உங்களுக்கும் ஒரு மனைக்கும் நடுவில் நடப்பது இல்லை, பொதுமக்களிடம் வைப்புத் தொகை வாங்குவது. அனுமதி இல்லாமல் அப்படி வாங்குவதை 2019-ல் வந்த மத்தியச் சட்டமே தடை செய்திருக்கிறது. பணம் மாட்டிக்கொண்டால் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம், ஆனால் வரிசை நீளம். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தைப் பிரித்து விற்கிறவர் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் அவருக்கு உரிமை இல்லை.

சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தாலும் எழுதுங்கள். மாமா, மச்சினனிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருக்கும். 'நமக்குள்ள கணக்குச் சரியா இருந்தா நாளைக்குப் பிள்ளைகளுக்குள்ள பிரச்சினை வராது மாமா' என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். எழுத மாட்டேன் என்று கோபப்பட்டால் திரும்பி வராவிட்டாலும் தாங்கும் தொகையை மட்டும் கொடுங்கள்.

கடைசித் தவணைக்கு அப்புறம்

பணம் முழுக்கக் கட்டியாச்சு என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போது ஈசியில் பழைய அடமானம் அப்படியே நிற்கும். கடன் கொடுத்தவர் இறந்திருப்பார், வாரிசுகள் நான்கு ஊரில் இருப்பார்கள், ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அதனால் கடைசிப் பணம் கொடுக்கும் அதே நாளில் இருவரும் சார்பதிவாளர் அலுவலகம் போய், அடமானம் தீர்ந்தது என்று ரசீதுப் பத்திரம் பதிவு செய்துகொள்ளுங்கள். வங்கிக் கடன் என்றாலும் இதுதான் வழி. முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது, 2023 டிசம்பர் முதல் இது அமலில் இருக்கிறது. கடன் எடுத்தபோது என்னென்ன பத்திரம் கொடுத்தீர்கள் என்ற பட்டியலைப் பத்திரமாக வைத்திருந்து, திரும்ப வாங்கும்போது ஒவ்வொரு பக்கமாக எண்ணிப் பாருங்கள், தாய்ப் பத்திரம் உட்பட.

புரோநோட்டாக இருந்தால் அசல் நோட்டையே கையில் வாங்கி, 'முழுத் தொகையும் வரவாகிவிட்டது' என்று குறுக்கே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கொடுத்த காசோலைகளையும் எண் பார்த்துத் திரும்ப வாங்குங்கள். ஒரு பதினைந்து நாள் கழித்து ஈசியை இன்னொரு தடவை போட்டு, ரசீதுப் பத்திரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் பிரதியையும் பத்திரக் கட்டோடு சேர்த்து வையுங்கள்.